இரண்டு சர்வர்களுக்கு இடையே ஃபைல்களைத் தானாக ஒத்திசைக்க என்ன வழி?

அரைத்தூக்கம் · திங்கள், இரவு 11.40

வணக்கம். என்னிடம் இரண்டு லினக்ஸ் சர்வர்கள் இருக்கின்றன. வசதிக்காக மூத்தது, இளையது என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். மூத்ததில் ஒரு வெப் அப்ளிகேஷன் ஓடுகிறது. பயனர்கள் படமும் பிடிஎஃப்பும் ஏற்றுவார்கள். எல்லாம் /டேட்டா/அப்லோட்ஸ் என்ற டைரக்டரிக்குள் போய்ச் சேரும். இப்போது ஏறக்குறைய மூன்றரை லட்சம் ஃபைல்கள், 180 ஜிபி. இளையது சும்மா நிற்கிறது. மூத்தது படுத்துவிட்டால் இளையது எழுந்து வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம். டேட்டாபேஸுக்கு ரெப்ளிகேஷன் போட்டாயிற்று. மிச்சம் இந்த ஃபைல்கள்.

இதுவரை வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் என் மேக்கில் செருகிய வெளி ஹார்டு டிஸ்கில் இறக்கி, அங்கிருந்து இளையதற்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் மறந்துவிட்டேன். அதற்கு முந்தைய வாரமும். இனி என்னை நம்பிப் பயனில்லை, தானாக நடக்க வேண்டும். பத்து நிமிடம் பின்தங்கினால் பரவாயில்லை. எதை வைத்துச் செய்யலாம்?

பழையகிரான் · திங்கள், இரவு 11.58

ஆர்சிங்க், ஃபைல்களை ஒத்திசைக்கிற கருவி. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் */10 * * * * (பத்து நிமிடத்துக்கு ஒருமுறை) என்று ஒரு வரி. தூங்கப் போங்கள்.

நுனிப்புல் · செவ்வாய், காலை 7.15

பத்து நிமிடம் ஏன் காத்திருக்க வேண்டும்? லிசிங்க்டி இருக்கிறதே. லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள ஐநோட்டிஃபை மூலம் எந்த ஃபைல் மாறியது என்று உடனே தெரிந்துகொள்ளும். மாற்றங்களைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைத்து, மாறியதை மட்டும் ஆர்சிங்க்கிடம் கொடுத்து அனுப்பும். அந்தக் காத்திருப்பு இயல்பாக 15 நொடி. மூன்றரை லட்சம் ஃபைலையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கிற வேலை மிச்சம்.

பழையகிரான் · செவ்வாய், காலை 8.02

நல்ல கருவிதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஐநோட்டிஃபை உள்ளே உள்ளே போய்ப் பார்க்காது. ஒவ்வொரு சப்டைரக்டரிக்கும் தனியாக ஒரு கண் வைக்க வேண்டும். பழைய கெர்னலில் ஒரு பயனருக்கு இயல்பான வரம்பு 8192. கெர்னல் 5.11 முதல் மெமரியைப் பொறுத்துத் தானே கூட்டிக்கொள்கிறது. அரைத்தூக்கம், உங்களிடம் எத்தனை டைரக்டரி?

அரைத்தூக்கம் · செவ்வாய், காலை 8.40

ஒரு பயனருக்கு ஒன்று. இப்போதுதான் எண்ணினேன், 22 ஆயிரத்துச் சொச்சம். கெர்னல் 4.18.

பழையகிரான் · செவ்வாய், காலை 8.44

பார்த்தீர்களா. வரம்பைக் கையால் கூட்டலாம், கூட்டினால் ஓடும். ஆனால் பத்து நிமிடம் போதும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பிறகு எதற்குப் பின்னணியில் ஓடுகிற இன்னொரு டீமனைக் கட்டி மேய்க்க வேண்டும்? அது என்றைக்காவது செத்துக் கிடந்தால் அதைக் கவனிக்க இன்னொன்று வேண்டும்.

நுனிப்புல் · செவ்வாய், காலை 9.10

கிரான் செத்துக் கிடந்தால்?

பழையகிரான் · செவ்வாய், காலை 9.12

அதற்கும் வருவேன்.

முதலில் ஆர்சிங்க் என்ன செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள். பலர் அதை ஏதோ மந்திரம் மாதிரி நினைக்கிறார்கள். 1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் வெளியிட்டது. விண்டோஸோடு ஃபைல் பகிர உதவும் சாம்பாவைத் தொடங்கிய அதே ட்ரிட்ஜெல்தான். பெரிய ஃபைலில் சின்ன மாற்றம் என்றால், வாங்குகிற பக்கம் தன் பழைய பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சின்ன அடையாள எண்) எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லும். அனுப்புகிற பக்கம் தன் ஃபைலின் மேல் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து அந்தத் துண்டுகளைத் தேடும். கிடைத்ததை விட்டுவிட்டுக் கிடைக்காததை மட்டும் அனுப்பும். அழகான வித்தை. ஆனால் உங்களுக்கு அது எதுவும் தேவைப்படாது. பயனர் ஏற்றிய படம் பிறகு மாறப்போவதில்லை. ஒன்று புதிதாக வரும், இல்லையென்றால் அழியும்.

உங்களுக்கு உதவப்போவது அதன் இன்னொரு குணம். இரண்டு பக்கமும் சைஸும் கடைசியாக மாறிய நேரமும் ஒன்றாக இருந்தால் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் தாண்டிவிடும். அதனால்தான் மூன்றரை லட்சம் ஃபைல் என்றாலும் பயமில்லை. முதல் ஓட்டம் மட்டும் பொறுமை கேட்கும். 100 எம்பிபிஎஸ் லைன் என்றால் 180 ஜிபிக்கு நாலு மணிநேரத்துக்குக் குறையாது. அதைக் கையால் ஒருமுறை ஓட்டி முடித்துவிட்டு அப்புறம் கிரானுக்குப் போங்கள்.

இன்னொன்று: ஃபைலை முதலில் புள்ளியில் தொடங்கும் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்த பிறகுதான் சரியான பெயருக்கு மாற்றும். பாதிப் படம் இளையதில் தெரிகிற சங்கடம் கிடையாது.

கதவுச்சாவி · செவ்வாய், மதியம் 1.25

குறுக்கிடுகிறேன். எந்தச் சர்வர் எந்தச் சர்வரை அழைக்கப்போகிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே?

கிரானில் ஓட வேண்டும் என்றால் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவி, அதுவும் கடவுச்சொல் கேட்காதது, வேண்டும். அதை மூத்ததில் வைத்தால், இணையத்தைப் பார்த்து நிற்கிற சர்வரின் சட்டைப்பையிலேயே இளையதின் வீட்டுச் சாவி இருக்கிறது என்று அர்த்தம். அப்ளிகேஷனில் ஓட்டை கண்டுபிடித்து உள்ளே வருகிறவன் இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போவான்.

திருப்பிப் போடுங்கள். இளையது மூத்ததை அழைத்து இழுத்துக்கொள்ளட்டும். சாவி இளையதில் இருக்கட்டும். மூத்ததில் இதற்கென்று ஒரு தனிப் பயனர், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் வேண்டாம். எந்தச் சாவி நுழையலாம் என்று பட்டியலிடும், அந்தப் பயனருடைய ஆதரைஸ்டு கீஸ் ஃபைலில் சாவிக்கு முன்னால் மூன்று கட்டுப்பாடு: இளையதின் ஐபியிலிருந்து மட்டும் வரலாம், டெர்மினல், போர்ட் ஃபார்வர்டிங் எதுவும் கிடையாது, எந்தக் கட்டளை கேட்டாலும் ஆர்ஆர்சிங்க் மட்டுமே ஓடும். கடைசியாகச் சொன்னது ஆர்சிங்க்கோடு கூடவே வருகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அதற்கு ஒரு டைரக்டரியைக் காட்டி 'படிக்க மட்டும்' என்று சொல்லிவிட்டால், அந்தச் சாவியை வைத்துக்கொண்டு அந்த டைரக்டரியைப் படிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

சாவி எட்25519 வகையில் இருக்கட்டும். 873 போர்ட்டில் ஓடுகிற ஆர்சிங்க் டீமனை இணையத்தின் குறுக்கே போடாதீர்கள், அதில் என்கிரிப்ஷன் கிடையாது.

அரைத்தூக்கம் · செவ்வாய், இரவு 10.50

கதவுச்சாவி சொன்னபடி போட்டேன். 'அப்படி ஒரு டைரக்டரி இல்லை' என்று சொல்லி 23 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடுகிறது. டைரக்டரி அங்கே இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்.

கதவுச்சாவி · செவ்வாய், இரவு 11.05

முழுப் பாதையைக் கொடுத்திருப்பீர்கள். ஆர்ஆர்சிங்க்குக்குக் காட்டிய டைரக்டரிதான் அந்தச் சாவிக்கு உலகமே. நீங்கள் /டேட்டா/அப்லோட்ஸ் என்று கேட்டால், அது தன் டைரக்டரிக்குள்ளே இன்னொரு /டேட்டா/அப்லோட்ஸைத் தேடும். வெறும் சாய்கோடு மட்டும் கொடுங்கள்.

அரைத்தூக்கம் · செவ்வாய், இரவு 11.20

ஓடுகிறது! நாளை மாலை பார்க்கலாம்.

அரைத்தூக்கம் · புதன், மாலை 6.30

ஒரு விசித்திரம். நேற்று ஓட்டியது டெலீட் ஆப்ஷன் இல்லாமல். மூத்ததில் இல்லாததை இளையதிலும் அழிக்க வேண்டும் அல்லவா, அதனால் இன்று டெலீட்டைச் சேர்த்தேன். சேர்க்கும் முன், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் ட்ரை-ரன் ஓட்டினேன் (அந்த அறிவு மட்டும் இருந்தது). ஏறக்குறைய ஆறாயிரம் ஃபைலை அழிக்கப்போகிறேன் என்று பட்டியல் போடுகிறது. எடுத்துப் பார்த்தால், அத்தனையும் மூத்ததில் இருக்கிற ஃபைல்கள்! 'கோரிக்கை.பிடிஎஃப்' மூத்ததிலும் இருக்கிறது, இளையதிலும் இருக்கிறது. இளையதில் இரண்டு இருக்கிறது. ஒரே டைரக்டரியில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் எப்படி இருக்க முடியும்?

நுனிப்புல் · புதன், மாலை 6.41

பெயரின் கடைசியில் ஸ்பேஸ் இருக்கும்.

அரைத்தூக்கம் · புதன், மாலை 6.55

இல்லை, பார்த்துவிட்டேன். இன்னொரு தடயம்: 'படம்', 'கடிதம்', 'விண்ணப்பம்' எல்லாம் ஒழுங்காக ஒன்றுதான் இருக்கிறது. 'கோரிக்கை', 'தொகை', 'போட்டோ', 'நோட்டீஸ்' இவைதான் இரட்டை. ஆங்கிலப் பெயர் ஒன்றுகூட இரட்டையில்லை.

ஈரெழுத்து · புதன், இரவு 8.10

இந்த இழையில் எனக்கு வேலை இருக்காது என்று நினைத்துச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். இது என் பேட்டை.

நீங்கள் காட்டிய இரட்டைகளில் ஒவ்வொன்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது, கவனித்தீர்களா? யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்று ஒரே குறியாக வைக்கலாம். இல்லையென்றால் ககரம், இரட்டைச்சுழிக் கொம்பாக முன்னால் நிற்கிற ஏகாரக் குறி, பின்னால் ஒரு கால் என்று மூன்று துண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட்டாக எண்ணினால் முதலாவது 6, இரண்டாவது 9. கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும், தனி 'ஔ'வுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. மற்ற உயிர்மெய்களுக்கு ஒரே வடிவம்தான், அதனால் 'படம்' தப்பித்தது.

லினக்ஸின் டிஸ்க் ஃபார்மட்களான ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் எல்லாம் பெயரை வெறும் பைட்டாகத்தான் பார்க்கும். பைட் வேறு என்றால் ஃபைல் வேறு. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் அப்படியில்லை. எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்த வடிவத்துக்கு மாற்றித்தான் எழுதி வைக்கும். உங்கள் வெளி ஹார்டு டிஸ்க் எந்த ஃபார்மட்?

அரைத்தூக்கம் · புதன், இரவு 8.22

ஹெச்எஃப்எஸ் பிளஸ். அடக்கடவுளே.

ஈரெழுத்து · புதன், இரவு 8.30

அதுதான். வாராவாரம் அந்த டிஸ்க் வழியாகப் போன ஓகாரமெல்லாம் உடைந்துதான் இளையதற்குப் போயிருக்கிறது. ஆர்சிங்க் நேற்று உடையாத பெயரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது. இன்று அழிக்கப்போகிறேன் என்று சொல்வது உடைந்த பெயர்களைத்தான். தைரியமாக அழிக்க விடலாம். பெயரை மட்டும் மாற்றுவதற்கு கன்வ்எம்வி என்ற கருவி உண்டு, ஆனால் இங்கே தேவையில்லை. சரியானதுதான் ஏற்கெனவே வந்துவிட்டதே.

இனி மேக் நடுவில் இல்லாததால் இது திரும்ப வராது. மேக்கோடு நேரடியாக ஒத்திசைக்கிறவர்கள் ஆர்சிங்க்கின் ஐகான்வ் ஆப்ஷனைப் பார்க்கவும்.

மூன்றாம்பிரதி · புதன், இரவு 9.15

தைரியமாக அழிக்க விடுவதற்கு முன் ஒரு நிமிடம். இந்த டெலீட் பற்றி எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் இதே ஏற்பாடு. கிரான், ஆர்சிங்க், டெலீட். ஒன்றரை வருடம் தொந்தரவில்லாமல் ஓடியது. ஒருநாள் ராத்திரி முதல் சர்வர் ரீபூட் ஆனது. டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. மவுண்ட் ஆகாத, அதாவது தன் டைரக்டரியோடு இணைக்கப்படாத, டிஸ்கின் இடத்தில் என்ன இருக்கும்? காலி டைரக்டரி. ஆர்சிங்க் வந்து பார்த்தது: மூலத்தில் ஒன்றுமில்லை, பிரதியில் நிறைய இருக்கிறது, சரி அழித்துவிடுவோம். படிப்பதில் பிழை வந்திருந்தால் அதுவே அழிப்பதை நிறுத்தியிருக்கும். ஆனால் காலி டைரக்டரி பிழையே இல்லையே! சுத்தமாக, 0 என்ற வெற்றி எண்ணோடு, பிரதி முழுவதையும் துடைத்தது. காலையில் நாங்கள் டிஸ்கை மறுபடி மவுண்ட் செய்ததும் எல்லாம் திரும்ப வந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். அந்த டிஸ்க் செத்திருந்தால் இரண்டு பக்கமும் காலி.

ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. தப்பாக அழித்ததையும் பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஒத்திசைவின் வேலை. ரேன்சம்வேர் பூட்டிய ஃபைலையும் அதே சிரத்தையோடு கொண்டுபோகும்.

அரைத்தூக்கம் · புதன், இரவு 9.30

என்னுடையது அப்லோட்ஸ் என்ற உள் டைரக்டரி. மவுண்ட் ஆவது /டேட்டா. மவுண்ட் இல்லையென்றால் அப்லோட்ஸே இருக்காது, ஆர்சிங்க் 23 என்று நின்றுவிடும். நான் தப்பித்தேன் இல்லையா?

மூன்றாம்பிரதி · புதன், இரவு 9.38

நல்ல அமைப்புதான். ஆனால் உங்கள் அப்ளிகேஷன், அப்லோட்ஸ் டைரக்டரி இல்லையென்றால் என்ன செய்யும்? பல அப்ளிகேஷன்கள் பணிவாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

அரைத்தூக்கம் · புதன், இரவு 9.52

அப்ளிகேஷனின் நிரலைப் பார்த்தேன். உருவாக்கும்.

பழையகிரான் · புதன், இரவு 10.05

மேக்ஸ்-டெலீட் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டத்தில் 100-க்கு மேல் அழிக்காதே என்றால் அழிக்காது.

மூன்றாம்பிரதி · புதன், இரவு 10.20

அண்ணே, அதிலும் ஒரு குழி இருக்கிறது. வரம்பைத் தாண்டினால் ஆர்சிங்க் ஒன்றையும் அழிக்காமல் நிற்பதில்லை. நூறை அழித்துவிட்டு, மிச்சத்தை விட்டுவிட்டு, 25 என்ற எண்ணோடு முடியும். பத்து நிமிடம் கழித்துக் கிரான் மறுபடி கூப்பிடும். இன்னொரு நூறு. ஒரு நாளைக்கு 144 ஓட்டம், 14,400 ஃபைல். யாரும் பார்க்காவிட்டால் மூன்றரை லட்சமும் இருபத்தைந்தே நாளில் காலி. வெள்ளத்தை அடைத்து ஒழுக்காக மாற்றியதுதான் மிச்சம்.

அதனால் 25 வந்தால் ஸ்கிரிப்ட் ஒரு 'நில்' ஃபைலை எழுத வேண்டும். அந்த ஃபைல் இருக்கும்வரை அடுத்த ஓட்டம் தொடங்கவே கூடாது. மனிதன் வந்து பார்த்து, அதை நீக்கினால்தான் மறுபடி ஓடலாம்.

பழையகிரான் · புதன், இரவு 10.31

25 வருகிறது என்று தெரியும். அடுத்த ஓட்டத்தை நினைக்கவில்லை. என் இரண்டு ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டும். போய்விட்டு வருகிறேன்.

மூன்றாம்பிரதி · புதன், இரவு 10.45

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அப்லோட்ஸுக்குள் ஒரு அடையாள ஃபைல் வையுங்கள், பெயர் என்னவானாலும் சரி. ஸ்கிரிப்ட் முதலில் அந்த ஒரு ஃபைலை மட்டும் இழுத்துப் பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் அங்கேயே நிற்கட்டும். அப்ளிகேஷன் காலி டைரக்டரியை உருவாக்கலாம். அந்த அடையாளத்தை உருவாக்கத் தெரியாது.

அழிப்பதையும் நேரடியாக அழிக்காமல் பேக்கப்-டிர் ஆப்ஷனில் தேதி போட்ட ஒரு டைரக்டரிக்கு நகர்த்தச் சொல்லுங்கள். மேலெழுதப்படும் பழைய பிரதியும் அங்கே போய்விடும். அது இளையதின் அப்லோட்ஸுக்கு வெளியே, ஆனால் அதே டிஸ்கில் இருக்கட்டும். அப்போது நகர்த்துவது பெயர் மாற்றுகிற வேலைதான், நேரம் எடுக்காது. 30 நாள் தாண்டியதை அழித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தாலும் பேக்கப் ஆகிவிடாது. மூன்றாவதாக, இரண்டு சர்வரின் சாவியும் எட்டாத ஓர் இடத்தில் ஒரு பிரதி வேண்டும். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

நுனிப்புல் · வியாழன், காலை 7.30

ஒரு கேள்வி. இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் அப்லோட் வாங்கினால்? இரண்டு பக்கமும் ஆர்சிங்க் போட்டால் போதுமா?

பழையகிரான் · வியாழன், காலை 7.48

டெலீட்டோடு போட்டால் பெரும் சேதம். ஆர்சிங்க்குக்கு ஞாபகம் கிடையாது. இங்கே இருக்கிறது, அங்கே இல்லை என்றால், இங்கே புதிதாக வந்ததா, அங்கே அழிக்கப்பட்டதா என்று அதற்கு எப்படித் தெரியும்? போன முறை என்ன இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்கிற கருவி வேண்டும். யூனிசன் அப்படி எழுதி வைக்கும். சிங்க்திங்கும் வைக்கும், இரண்டு பக்கமும் ஒரே ஃபைலை மாற்றிவிட்டால் ஒன்றைத் தனிப்பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு உங்களைத் தீர்மானிக்கச் சொல்லும். யூனிசன் 2.52-க்கு முந்தையது என்றால் இரண்டு சர்வரிலும் ஒத்துப்போகிற வெர்ஷன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேசிக்கொள்ளாது.

இந்த இழைக்கு அது வேண்டாம். இளையது சும்மாதான் நிற்கிறது.

மூன்றாம்பிரதி · வியாழன், காலை 8.15

சும்மா நிற்கிறவரைக்கும் சரி. மூத்தது படுத்து இளையது வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு, புது அப்லோட் எல்லாம் இளையதில்தான் விழும். அப்போது மூத்தது எழுந்து, இளையதின் கிரானும் பழையபடி இழுக்கத் தொடங்கினால், அந்தப் புது அப்லோட்களை 'மூத்ததில் இல்லை' என்று தூக்கிவிடும். பொறுப்பு கைமாறும்போது செய்ய வேண்டிய முதல் வேலை கிரானை நிறுத்துவது. அதை உங்கள் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

எந்தச் சர்வரில் நிற்கிறோம் என்பதில் தடுமாறுவது தெரியாதவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது அதுதான். பின்தங்கிப்போன இரண்டாம் டேட்டாபேஸ் சர்வரின் டைரக்டரியைக் காலி செய்யப் போனவர், அந்தக் கட்டளையை முதல் சர்வரில் அடித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும் ஏறக்குறைய 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. ஆறு மணிநேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அன்றிலிருந்து என் டெர்மினலில் மூத்த சர்வருக்குச் சிவப்புப் பிராம்ட்.

அரைத்தூக்கம் · வெள்ளி, இரவு 12.10

ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். 'நில்' ஃபைல் இருக்கிறதா, அடையாள ஃபைல் வருகிறதா, பிறகு ஆர்சிங்க், பிறகு எண்ணைப் பார்ப்பது. பேக்கப்-டிருக்குத் தேதியைக் கிரான் வரியிலிருந்தே கொடுக்கிறேன். கையால் ஓட்டினால் அருமையாக ஓடுகிறது. கிரானில் ஓடவே இல்லை. லாகில் ஒரு வரிகூட இல்லை.

பழையகிரான் · வெள்ளி, காலை 6.20

தேதி வடிவத்துக்குச் சதவிகிதக் குறி போட்டிருப்பீர்கள். கிரான் வரியில் % என்றால் அதோடு கட்டளை முடிந்தது, மிச்சமெல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடு என்று பொருள். முன்னால் பின்சாய்கோடு போடுங்கள். அதைவிட, தேதியை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். கிரான் வரி எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அப்படியே ஸ்கிரிப்டில் எல்லாக் கட்டளைக்கும் முழுப் பாதை கொடுங்கள். கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் உங்கள் பாத் கிரானுக்குத் தெரியாது. எஃப்லாக் போடுங்கள். ஒரு ஓட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் இரண்டாவது அதன்மேல் ஏறக்கூடாது.

எண் 24 வந்தால் பயப்படாதீர்கள். பட்டியல் எடுத்தபோது இருந்த ஃபைல், அனுப்பப் போகும்போது இல்லை என்று அர்த்தம். உயிரோடு இருக்கிற சர்வரில் அது சகஜம். 0, 24 இரண்டையும் வெற்றியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நுனிப்புல் · வெள்ளி, காலை 7.05

கிரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமர் என்றால் எஃப்லாக் தேவையில்லை. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்ததைத் தொடங்காது. லாகும் ஜர்னலில் தானே விழும்.

பழையகிரான் · வெள்ளி, காலை 7.09

ஒத்துக்கொள்கிறேன். என் பெயரை மாற்றச் சொல்லாதவரை.

கிரான் செத்தால் என்று கேட்டீர்களே. பிழை வந்தால் மெயில் என்று மட்டும் வைத்தால், ஓடவே ஓடாதபோது மெயிலும் வராது. ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு ஃபைலின் நேரத்தைப் புதுப்பியுங்கள். வேறொரு இயந்திரம் அதைப் பார்த்து, அரைமணிக்கு மேல் பழசாகிவிட்டால் கத்தட்டும். டைமருக்கும் இது பொருந்தும், தம்பி.

அரைத்தூக்கம் · ஞாயிறு, மாலை 5.00

ஓடுகிறது. ஒவ்வொரு ஓட்டமும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிறது. ஞாயிறு அதிகாலை மட்டும் செக்சம் ஆப்ஷனோடு முழு ஓட்டம்; இரண்டு பக்கமும் 180 ஜிபியையும் படிக்க வேண்டியிருப்பதால் நேரம் எடுக்கிறது, எடுக்கட்டும்.

இன்று ஒரு ஒத்திகையும் பார்த்தேன். இளையதை முன்னால் நிறுத்தினால் எல்லாப் படமும் 403, அனுமதி இல்லை! காரணம் கிடைத்தது. மூத்தது டெபியன் வகை, இளையது ரெட்ஹேட் வகை. டெபியனில் வெப் சர்வர் பயனரின் எண் 33, ரெட்ஹேட்டில் வெப் சர்வரான அப்பாச்சிக்கு 48. மூத்ததின் அந்தப் பயனர் பெயர் இளையதில் இல்லாததால் ஆர்சிங்க் எண்ணையே வைத்துவிட்டது. சோன் ஆப்ஷன் போட்டு, வரும்போதே உரிமையாளரை மாற்றிவிட்டேன். இது நிஜமாகவே மூத்தது படுத்த ராத்திரி தெரியவந்திருந்தால் அழுதிருப்பேன்.

எல்லோருக்கும் நன்றி.

அரைத்தூக்கம் · ஐந்து வாரம் கழித்து, செவ்வாய், காலை 9.30

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். நேற்று ராத்திரி மூன்றாம்பிரதி சொன்னது அப்படியே நடந்தது.

கெர்னல் அப்டேட்டுக்காக மூத்தது 3 மணிக்கு ரீபூட் ஆனது. டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. அப்ளிகேஷன் தன் பங்குக்குக் காலி அப்லோட்ஸ் ஒன்றை உருவாக்கிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது. 3.10-க்கு இளையதின் ஸ்கிரிப்ட் அடையாள ஃபைலைக் கேட்டது, கிடைக்கவில்லை, நின்றது, மெயில் அனுப்பியது. நான் எழுந்து பார்த்தது 5.20-க்கு. ஒரு ஃபைலும் அழியவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். 3 முதல் 5.20 வரை பயனர்கள் ஏற்றியவை எங்கே? டிஸ்கை மவுண்ட் செய்தேன், பழைய ஃபைல் எல்லாம் வந்தது. அந்த இரண்டு மணிநேரத்து ஃபைல்கள் மட்டும் காணவில்லை. டேட்டாபேஸில் பதிவு இருக்கிறது.

பழையகிரான் · செவ்வாய், காலை 9.41

எங்கும் போகவில்லை. சிஸ்டம் இருக்கிற ரூட் டிஸ்கில், டேட்டா டிஸ்க் வந்து இணையும் மவுண்ட் பாயிண்டுக்கு அடியில் கிடக்கின்றன. மேலே டிஸ்கை மவுண்ட் செய்ததும் அவை மறைந்துவிட்டன. டிஸ்கைக் கழற்ற வேண்டாம். ரூட் டிஸ்கை வேறொரு டைரக்டரியிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து, அதற்குள் /டேட்டாவைப் பாருங்கள்.

அரைத்தூக்கம் · செவ்வாய், காலை 10.02

இருக்கின்றன! 41 ஃபைல். அப்லோட்ஸுக்கு நகர்த்திவிட்டேன். 10.10 ஓட்டத்தில் இளையதற்கும் போய்விடும்.

பழையகிரான் · செவ்வாய், காலை 10.06

அடுத்த முறை டிஸ்க் கழன்றிருக்கும்போது, அந்தக் காலி /டேட்டா டைரக்டரியின் மேல் சட்டர் கட்டளையால் 'மாற்றக்கூடாது' என்ற ஐ கொடியை ஏற்றிவிடுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆனால் கொடி அடியில் போய்விடும், வழக்கம்போல் எழுதலாம். மவுண்ட் ஆகாவிட்டால் அப்ளிகேஷனால் உள்ளே எதையும் உருவாக்க முடியாது, உடனே பிழை காட்டும்.

அரைத்தூக்கம் · செவ்வாய், காலை 10.15

டிஸ்கைக் கழற்றாமல் பைண்ட் மவுண்ட் வழியாகவே ஏற்றிவிட்டேன். சரிதானே?

பழையகிரான் · செவ்வாய், காலை 10.17

சரிதான். பைண்ட் மவுண்டைக் கழற்ற மறக்காதீர்கள்.